கடமை நேரத்தில் கணினி நித்திரை கொண்டமை தொடர்பாக

மின்சாரத்தைச் சிக்கனமாகப் பாவிப்பது தாய்நாட்டின் மீது பற்றுள்ள ஒவ்வோர் அரச அலுவலகத்தினதும் தலையாய கடமை என்று கொழும்பிலிருந்து மின்னஞ்சலில் சுற்றுநிருபம் வந்த அன்று, நெடுந்தீவு மக்கள் சேவை நிலையத்தில் மின்சாரம் இருக்கவில்லை. ஆகவே அந்தக் கடமையை அவர்கள் வாசிக்காமலேயே முழுமையாக நிறைவேற்றியிருந்தார்கள். மறுநாள் வாசித்த பிறகுதான் சிக்கல் தொடங்கியது.

நிலையப் பொறுப்பதிகாரி வசீகரன் காரைநகர் ஆள். திங்கள் விடியக் குறிகட்டுவானில் படகு ஏறி வந்தால் வெள்ளிதான் திரும்பிப் போவார். கூடாத மனிதர் என்று எவரும் சொன்னதில்லை. லஞ்சம் வாங்கமாட்டார், நெடுந்தீவில் அதைக் கொடுப்பாரும் இல்லை. அவருக்கு இருந்த ஒரே ஆசை யாழ்ப்பாண நகரத்துக்கு இடமாற்றம். வருடா வருடம் விண்ணப்பிப்பார். வருடா வருடம் “பரிசீலனையில் உள்ளது” என்று பதில் வரும். இந்தச் சுற்றுநிருபத்தின் கடைசி வரியில், மின்சேமிப்பில் முன்மாதிரியாகத் திகழும் அதிகாரிகளின் கோரிக்கைகள் விசேட கவனத்துக்கு எடுக்கப்படும் என்று இருந்தது. வசீகரன் முதல் வரிகளை ஒருதரமும் கடைசி வரியைப் பலதரமும் வாசித்தார்.

சேமிக்க என்ன இருக்கிறது என்று சுற்றிப் பார்த்தார். பிரான்சில் இருக்கும் ஊர்ச் சங்கத்தார் கூரையில் பூட்டித் தந்த சோலர் தகடுகள், பின்னறையில் அதன் பற்றறிகள். அதில் ஓடுவது ஒரு மின்விசிறி, ஒரு கேத்தல், தீவிலுள்ள எல்லாருடைய பிறப்பையும் கல்யாணத்தையும் சாவையும் வயிற்றில் வைத்திருக்கும் ஒரு கணினி. கேத்தலைத் தடைசெய்தார். அலுவலகம் தேத்தண்ணி இல்லாமல் முகம் சுளித்தது. விசிறியை நிறுத்தினார். எல்லாரும் வியர்த்தார்கள். மிஞ்சியது கணினி.

“இது எவ்வளவு கரண்ட் தின்னுது?” என்று தொழில்நுட்ப உத்தியோகத்தர் தனுசியாவைக் கேட்டார். தனுசியா கணினி விஞ்ஞானத்தில் பட்டம் எடுத்த பிள்ளை. உள்ளே என்னென்ன ஓடுகிறது என்று காட்டும் பக்கத்தைத் திறந்துவிட்டாள்.

“மேல நிக்கிறது ஆர்? தொண்ணூற்றேழு வீதம் எண்டு போட்டிருக்கு.”

“அது ஐடில், சேர்.”

“ஆர் அந்த ஐடில்?”

“ஆள் இல்லை சேர். சும்மா இருக்கிறது. வேலை இல்லாத நேரத்தை அப்பிடித்தான் காட்டும்.”

வசீகரன் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார்.

“அப்ப வேலை செய்யிறது மூண்டு வீதம். மிச்சம் முழுக்கச் சும்மா இருக்கிறதுக்குச் செலவாகுது.”

“செலவாகேல்லை சேர், மிச்சமாகுது. வேலை இல்லையெண்டால் கேர்னல் புறோசசரை நித்திரையாக்கி விடும். கொஞ்ச நேரத்துக்கெண்டால் கண்ணயர விடும். கனநேரத்துக்கு வேலை வராது எண்டு கண்டால் ஆழ்ந்த நித்திரைக்கு அனுப்பிவிடும். அந்த நேரம் அது எடுக்கிற கரண்ட் இல்லாத மாதிரித்தான். நீங்கள் ஒரு எழுத்தைத் தட்டினால் டக்கெண்டு எழும்பும்.”

இவ்வளவு விளக்கத்தில் வசீகரனின் காதில் தங்கியது ஒரேயொரு சொல்.

“நித்திரையோ?”

“ஓம் சேர்.”

“அலுவலக நேரத்திலயோ?”

“அலுவலக நேரத்திலதான் சேர் கூட.”

“ஆர் இதுக்கு அனுமதி குடுத்தது?”

“கேர்னல்.”

வசீகரன் எழும்பிப் போய்க் கதவைச் சாத்தினார். குரலைத் தாழ்த்தினார்.

“எந்தக் கேணல்? ஆமிக் கேணலோ? இஞ்ச நேவியெல்லோ இருக்கு?”

“கேணல் இல்லை சேர், கேர்னல். கொம்பியூட்டரின்ர உள்மனம் எண்டு வையுங்கோ. எல்லாத்தையும் அதுதான் நடத்துறது.”

“உள்மனமோ வெளிமனமோ, இந்த நிலையத்தை நடத்துறது நான்” என்றார் வசீகரன்.

அன்று பின்னேரமே “கடமை நேரத்தில் கணினி நித்திரை கொண்டமை தொடர்பாக” என்று தலைப்பிட்டு ஒரு குற்றப்பத்திரம் தயாரானது. கண்ணயர்வு, அரை நித்திரை, ஆழ்ந்த நித்திரை ஆகிய மூன்று குற்றங்களும் தனித்தனியே சாட்டப்பட்டிருந்தன. உரிய காலத்துக்குள் எழுத்துமூலம் விளக்கமளிக்கத் தவறின் குற்றத்தை ஏற்றுக்கொண்டதாகக் கருதப்படும் என்ற வசனமும் இருந்தது. அதைக் கணினியில்தான் தட்டச்சுச் செய்தார்கள். அதுவும் ஒரு மறுப்பும் சொல்லாமல் அச்சடித்துக் கொடுத்தது. உரிய காலம் முடிந்தும் விளக்கம் வரவில்லை. குற்றம் நிரூபணமாயிற்று.

வசீகரன் கட்டளை எழுதினார்: அலுவலக நேரத்தில் ஐடில் பூச்சியமாக இருக்க வேண்டும்.

“செய்யலாம் சேர்” என்றாள் தனுசியா. “ஆனால் அதுக்கு ஏதாவது வேலை குடுத்துக்கொண்டே இருக்கவேணும்.”

“குடும்.”

“வேலை இல்லையே சேர்.”

“வேலை இல்லையெண்டால் உருவாக்கவேணும். நாங்கள் என்ன, வேலை இருந்தே இஞ்ச இருக்கிறம்?”

தனுசியா ஒரு சின்னப் புறோகிறாம் எழுதினாள். காலையில் கணினியைப் போட்டால் அது ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கும். அவ்வளவுதான். எண்ணி ஒருவருக்கும் சொல்லாது. எங்கேயும் எழுதி வைக்காது. ஐடில் தொண்ணூற்றேழிலிருந்து பூச்சியத்துக்கு விழுந்தது. கணினியின் உள்ளே இருந்த விசிறி, இதுவரை அந்த அலுவலகத்தில் எவரும் வேலை செய்து போட்டிராத சத்தம் போட்டது. வசீகரன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டபடி நின்றார். உழைப்பின் ஓசை அல்லவா! நிலையத்தின் வீண்விரயம் தொண்ணூற்றேழு வீதத்தால் குறைக்கப்பட்டதாகக் கொழும்புக்கு அறிக்கை போயிற்று.

மதியத்துக்கு முன்னரே பற்றறி செத்துப்போனது. முதல்நாள் மழைமுகில் என்றார்கள். அடுத்தநாள் முகில் இல்லாதபடியால் தகட்டில் காக்காய் எச்சம் என்றார்கள்.

கோபிகா வந்தது அந்த நாட்களில்தான். இருபத்தாறு வயது, மேற்குப் பக்கத்துக்காரி, வாய் கொஞ்சம் கூட. அவளுக்குக் கல்யாணம் பேசியிருந்த ரஜீபன் சுவிசிலிருந்து குறுகிய லீவில் வந்து நிற்கிறான். அவன் திரும்பப் போகமுன் எழுத்து, அதாவது கல்யாணப் பதிவு, நடந்தால்தான் அவள் வீசாவுக்குப் போடலாம். எழுத்துக்குப் பிறப்புச் சாட்சிப்பத்திரத்தின் புதிய பிரதி வேண்டும். ஒரு தாள். சாதாரணமாக ஒரு நிமிட வேலை.

முதல் தரம் வந்தபோது கணினி எண்ணுவதில் மும்முரமாக இருந்தபடியால் அவளுடைய பெயரைத் தேட நெடுநேரம் எடுத்தது. தேடி எடுத்து அச்சடிக்கக் கொடுத்தார்கள். தாளில் கோபிகா பிறந்தது வரைக்கும் வந்தது. தகப்பன் பெயர் வரமுன் பற்றறி போய்விட்டது.

“சேர், இதில நான் பிறந்திருக்கிறன். அப்பா இல்லை” என்று தாளை நீட்டினாள்.

“நாளைக்கு வாங்கோ தங்கச்சி.”

நாளைக்கு வந்தாள். வரிசையில் முன்னுக்கு இருவர். அவளுடைய முறை வரமுன் எல்லாம் இருண்டது. அடுத்தநாள் கதவு திறக்கமுன்னரே வந்து வாசலில் நின்றாள். அன்று கணினி சூடேறித் தானாக நின்றுவிட்டது. அதற்கடுத்தநாள் அது இரைந்தபடி அவளுடைய பெயரைத் தேடிக்கொண்டிருக்க, அவள் கேட்டாள்.

“சேர், உந்த மெசின் இவ்வளவு சத்தம் போட்டு என்ன செய்யுது?”

“எண்ணுது.”

“என்னத்தை?”

“எண்களை.”

“எதுவரைக்கும்?”

“நாலேகால் வரைக்கும்” என்றார் வசீகரன், கடிகாரத்தைப் பார்த்து. “அலுவலக நேரம் முடியுமட்டும்.”

“அதுக்குப் பிறகு?”

“நாளைக்குத் திரும்ப ஒண்டிலயிருந்து.”

கோபிகா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “உதை நிப்பாட்டிப்போட்டு எனக்கு ஒரு தாள் தர ஏலாதோ?”

“நிப்பாட்டினால் அது நித்திரையாப் போடும். பொதுமக்களின்ர காசில நித்திரை கொள்ள நான் விடமாட்டன். உங்களுக்காகத்தான் தங்கச்சி இவ்வளவும்.”

அவள் யாழ்ப்பாணம் போனாள். நெடுந்தீவில் பிறந்தவர்கள் நெடுந்தீவில்தான் எடுக்க வேண்டும் என்று அங்கே சொல்லித் திருப்பிவிட்டார்கள். அவள் ஊரைத் திரட்டி ஒரு முறைப்பாடு எழுதினாள். நிறையப் பேர் கையெழுத்து வைத்தார்கள். நிலையப் பொறுப்பதிகாரியைத் திருப்பி அழைத்துக்கொள்ளும்படி கேட்டிருந்தார்கள். முறைப்பாட்டைக் கொழும்பு வாசித்து, இவ்வளவு பேர் தேடிவரும் அளவுக்கு நிலையம் சுறுசுறுப்பாக இயங்குகிறது என்று முடிவுகட்டியது.

இதற்கிடையில் ஒருநாள் கடற்படை முகாமிலிருந்து இருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார்கள். வசீகரனின் அறிக்கை கொழும்பில் சிங்களத்துக்கு மொழிமாறும்போது அதிலிருந்த கேர்னல் கேணலாகியிருந்தார். கேணல் ஒருவர் நெடுந்தீவில் பகலில் நித்திரை கொள்வதாகவும் மற்றவர்களையும் நித்திரையாக்குவதாகவும் மேலிடத்துக்குப் போய், அங்கிருந்து விசாரிக்கச் சொல்லி வந்திருந்தது.

“சேர், எங்களிட்ட கேணல் இல்லை. கேணல் ஆமி” என்றார் வந்தவர்களில் ஒருவர், யோசித்து யோசித்துத் தமிழில். “இந்தக் கேணல் எங்க நித்திரை?”

தனுசியா அவர்களைக் கூட்டிப்போய்க் கணினியைக் காட்டினாள். இருவரும் அதைச் சுற்றி வந்து பார்த்தார்கள். ஒருவர் படம் எடுத்தார். போகும்போது தன்னுடைய போனைக் கொஞ்சம் சார்ஜில் போடலாமோ என்று கேட்டார். போட ஏலாது; பற்றறி அன்றைக்கு ஏற்கெனவே காலமாகியிருந்தது.

மாதக் கடைசியில் பெறுபேறு வந்தது. நெடுந்தீவு நிலையம் நாட்டிலேயே முதலிடம். மதியத்துக்குப் பிறகு நிலையத்தின் மின்பாவனை பூச்சியம் என்று கொழும்பில் கணக்குப் பார்த்திருந்தார்கள். செத்த பற்றறியும் சேமித்த பற்றறியும் தாளில் ஒரே மாதிரித்தான் தெரியும். எல்லா அலுவலகங்களிலும் ஐடிலைப் பூச்சியமாக்கும் தேசியத் திட்டம் உருவானது. ஒரு குழு அமைந்தது. குழுவுக்கு ஒரு தலைவர், தலைவருக்கு ஒரு வாகனம். சிரிக்கும் சூரியனின் படம் போட்டு, “விழித்திருக்கும் கணினி, விழித்தெழும் தேசம்” என்று சுவரொட்டி அடித்தார்கள். கொழும்பில் பெரிய இடங்களில் எல்லாரும் தங்கள் தங்கள் ஐடில் எவ்வளவு என்று விசாரித்துக்கொள்வது நாகரிகமாயிற்று. பூச்சியம் என்று சொல்ல முடியாதவர்கள் விருந்துகளில் ஓரமாக நின்றார்கள்.

சுவரொட்டி படகில் வந்திறங்கிய அன்று, அதே படகில் ரஜீபன் போனான். லீவு முடிந்துவிட்டது. எழுத்து நடக்கவில்லை. அவனை இறங்குதுறையில் வழியனுப்பிவிட்டுக் கோபிகா நேரே நிலையத்துக்கு வந்தாள். வசீகரன் ஒரு சண்டைக்கு ஆயத்தமாக எழுந்து நின்றார். அவள் சண்டை பிடிக்கவில்லை. முகம் கழுவியிருந்தாள், கண் மட்டும் சிவந்திருந்தது. தகப்பன் இல்லாத அந்த அரைத் தாளை மேசையில் வைத்தாள்.

“சேர், ஒண்டு கேக்கட்டே? மெசின் இவ்வளவு நாளும் எண்ணி எவ்வளவுக்கு வந்திருக்கு?”

வசீகரன் திரையைப் பார்த்தார். அதில் ஒரு எண்ணும் இல்லை. அவள் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு, போட்டு வாறன் என்று சொல்லிப் போய்விட்டாள். அவள் கத்தியிருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அந்தத் தாளைப் பார்க்காமல் இருக்க முயன்றார். முடியவில்லை. எழும்பிப் போய்க் கணினியின் மேல் கையை வைத்தார். தோசைக்கல் மாதிரிச் சுட்டது.

“தனுசியா, நீர் அண்டைக்குச் சொன்னதை இன்னொருக்காச் சொல்லும்.”

அவள் சொன்னாள். கண்ணயர்வு, ஆழ்ந்த நித்திரை, தட்டினால் எழும்பும், நித்திரையில்தான் மிச்சம். இந்த முறை அவர் முழுவதையும் கேட்டார்.

“ஏன் நீர் இதை எனக்கு அண்டைக்கே விளங்கப்படுத்தேல்லை?”

“விளங்கப்படுத்தினனான் சேர். நீங்கள் கட்டளை எழுதினீங்கள்.”

“பிறகும் சொல்லியிருக்கலாமே?”

“எனக்குச் சம்பள ஏற்றத்துக்கு நீங்கள்தான் கையெழுத்து வைக்கவேணும் சேர்.”

வசீகரன் அவளைக் கோபிக்கவில்லை. அவளுடைய இடத்தில் அவரும் அதைத்தான் செய்திருப்பார். இருபது வருடமாகச் செய்துகொண்டும் இருந்தார். அன்றே துணிந்து கொழும்புக்குப் போன் எடுத்தார். தான் கண்டுபிடித்தது பிழை, நித்திரைதான் சேமிப்பு, திட்டத்தை நிறுத்த வேண்டும் என்று உதவிச் செயலாளரிடம் சொன்னார்.

உதவிச் செயலாளர் மரியாதையான மனிதர். முழுவதையும் கேட்டார்.

“மிஸ்டர் வசீகரன், நீங்கள் சொல்வது சரியாகத்தான் இருக்கும். என்னுடைய மகனும் வீட்டில் இதையேதான் சொன்னான். ஆனால் பாருங்கள், உண்மை என்பது இப்போது உங்கள் நிலையத்தின் தனிப்பட்ட அபிப்பிராயம். பிழைதான் தேசியக் கொள்கை. வரும் கிழமை குழு உங்களிடம் வருகிறது. திரையில் பூச்சியம் தெரிய வேண்டும்.”

போனை வைத்துவிட்டு வசீகரன் கன்னத்தில் கையூன்றி இருந்தார். தனுசியா மெதுவாகக் கிட்ட வந்தாள்.

“சேர், பூச்சியம் எண்டு தெரியத்தானே வேணும்? பூச்சியமா இருக்கவேணும் எண்டு ஒருத்தரும் சொல்லேல்லையே.”

இரண்டு நாளில் வேறொரு புறோகிறாம் எழுதினாள். திரையில் பச்சையும் சிவப்புமாகக் கோடுகள் ஏறி இறங்கின. மேலே ஐடில் பூச்சியம் என்று கொட்டை எழுத்தில் நின்றது. அதற்குப் பின்னால் கேர்னல் தன்னுடைய பழைய வேலையைப் பார்த்தது. புறோசசர் நிம்மதியாக நித்திரை கொண்டது. பற்றறிகளில் கொஞ்சம் உயிர் ஒட்டியிருந்தபடியால் அவையும் பிழைத்தன. கேத்தல் திரும்ப வந்தது. கோபிகாவுக்கு ஆள் அனுப்பிக் கூப்பிட்டுத் தாளைக் கொடுத்தார்கள், தகப்பனோடு. அவள் வாங்கி மடித்து வைத்தாள். அடுத்த லீவு அடுத்த வருடம்தான்.

குழு வந்தது. கடல் கொஞ்சம் அடித்தபடியால் பாதிப் பேர் இறங்குதுறையிலேயே குந்திவிட்டார்கள். தலைவர் மட்டும் நேரே வந்து கணினிக்கு முன்னால் நின்றார். கோடுகள் ஏறி இறங்குவதைப் பார்த்தார். குனிந்து காதை வைத்தார், சத்தம் இல்லை. கையை வைத்தார், குளிர்ந்திருந்தது.

“இவ்வளவு வேலை செய்தும் சூடாகவில்லையே?”

வசீகரன் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தார். வெளியே வந்தது வேறு.

“பழகிவிட்டது ஐயா.”

தலைவர் வசீகரனின் தோளில் கைவைத்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி சொன்னார்.

“முப்பது வருடம் சேவையில் இருக்கிறேன் தம்பி. உள்ளே ஒன்றும் நடக்காமல் வெளியே இவ்வளவு நடப்பதை மனிதர்களிடம்தான் கண்டிருக்கிறேன். இயந்திரத்தில் இன்றைக்குத்தான் காண்கிறேன். பயப்பட வேண்டாம். இது முன்னுக்கு வரும்.”

அது முன்னுக்கு வந்தது. தனுசியாவின் புறோகிறாம் நாட்டின் எல்லா அலுவலகங்களுக்கும் போனது. அவளுக்குச் சம்பள ஏற்றமும் கிடைத்தது. மாதிரி நிலையத்தை ஆக்கியவரை அங்கிருந்து அகற்றுவது தேசிய நலனுக்குப் பாதகமானது என்று வசீகரனின் இடமாற்றம் ரத்தானது. கணினிகள் தொடர்ந்து விழித்திருப்பதை உறுதிசெய்ய, கணினிக்கு ஒருவராக “விழிப்பு மேற்பார்வை உத்தியோகத்தர்” என்று ஒரு பதவி உருவாக்கப்பட்டது. நிரந்தர நியமனம், ஓய்வூதியம் உண்டு. செய்ய வேண்டியது, கணினிக்கு முன்னால் கதிரையில் இருந்து பூச்சியத்தைப் பார்ப்பது.

நெடுந்தீவில் முறைப்பாட்டுக்குக் கையெழுத்து வைத்த அத்தனை பேரும் விண்ணப்பித்தார்கள். வசீகரனைத் திருப்பி அழைக்கச் சொன்னவர்கள் அவரிடமே நற்சான்றிதழ் கேட்டு வந்தார்கள். எண்ணுகிற மெசினைப் பார்த்து ஊர் முழுக்கச் சிரித்ததை ஒருவரும் ஞாபகம் வைத்திருக்கவில்லை. திட்டம் அவசியமானது, காலத்துக்கேற்றது, இன்னும் நாலு கதிரை கூடப் போட்டிருக்கலாம் என்றுதான் கதைத்தார்கள்.

நியமனம் கிடைத்தது கோபிகாவுக்கு. வேலைக்கு வந்த கிழமையே கணினி நித்திரை என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது, தனுசியா சொல்லிவிட்டாள். கோபிகா அதைக் குழப்பாமல் பக்குவமாகப் பார்த்துக்கொண்டாள். பத்திரம் கேட்டு வருபவர்களிடம் சத்தம் போட வேண்டாம் என்பாள்.

ஒருநாள் பின்னேரம் அவள் ரஜீபனோடு போனில் கதைத்து முடிய, வசீகரன் தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து பக்கத்தில் நின்றார்.

“என்னவாம் மாப்பிள்ளை? எப்ப உம்மைக் கூப்பிடுறாராம்?”

“என்னைக் கூப்பிடேல்லை சேர். தான் வரப்போறாராம்.”

“ஏன், சுவிசில வேலை இல்லையோ?”

“கூடிப்போச்சாம். பகல் ரெஸ்ரோறன்ற். இரவு ஒபிசுகள் துடைக்கிறது. நித்திரை கொண்டு கனகாலமாம். நான் இஞ்ச என்ன வேலை பாக்கிறன் எண்டு விளங்கப்படுத்தினன் சேர். முதல் நம்பேல்லை. பிறகு, இன்னொரு இடம் வெறுமையா இருக்கோ எண்டு கேட்டுச் சொல்லட்டாம்.”

வசீகரன் மூலையைப் பார்த்தார். கொழும்பிலிருந்து பரிசாக வந்த இரண்டாவது கணினி பெட்டி உடைக்காமல் இருந்தது. அதற்கு ஒரு வேலையும் இல்லை. ஆகவே அதற்கும் சட்டப்படி ஒரு உத்தியோகத்தர் வேண்டும்.

“ஒரு இடம் இருக்குத்தான்” என்றார். தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்தார். “ஆனால் அதுக்கு நான் விண்ணப்பம் போட்டிருக்கிறன்.”